இரை கூடும் இடமே குப்பை கூடும் இடம்



மாலத்தீவுக்காரர்கள் வலை போட்டு மீன் பிடிப்பவர்கள் அல்லர். நம் தென்கரை வீடுகளிலும் இலங்கை வீடுகளிலும் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு அவர்களுடைய பண்டம்தான். அந்தச் சூரை மீனைப் படகின் விளிம்பில் வரிசையாக நின்றுகொண்டு, கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள். தூண்டிலுக்கு இரைமீன் எடுக்கச் சிறு வலை வைத்துக்கொள்வார்கள். அதைத் தவிர வலைமீன்பிடிப்புக்கு அங்கே சட்டத்தில் இடமில்லை. அப்படிப்பட்ட நாட்டின் பவளப் பாறைகளில் வருடந்தோறும் வலைகள் வந்து மாட்டுகின்றன. இரண்டு மூன்று வகை வலைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கயிறும் மிதவையும் சாக்குமாகப் பெரிய உருண்டையாகத் திரண்டு, மேலெல்லாம் பாசி படிந்து வருகின்றன. அவற்றில் ஆமைகள் சிக்கியிருக்கின்றன. சில உயிரோடு, முன்துடுப்பு அறுந்து தொங்க, சில செத்து.

அந்த ஆமைகளில் பெரும்பாலானவை பங்குனி ஆமைகள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை நம் மணலில் தை, மாசி, பங்குனி மாதங்களில் ஏறி முட்டையிடுகிறதே, அதே இனம். மாலத்தீவில் அது முட்டையிடுவது மிக அபூர்வம். மார்ட்டின் ஸ்டெல்ஃபாக்ஸ் என்ற கடல் உயிரியலாளர் 2013இல் இந்த ஆமைகளுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் சிக்கிய ஆமைகளின் மரபணுவை, பல நாட்டுக் கரைகளில் முட்டையிடும் ஆமைகளின் மரபணுவோடு ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். இலங்கையிலும் இந்தியாவின் கிழக்குக் கரையிலும் பிறந்தவையாக இருக்கவே அதிக வாய்ப்பு என்று முடிவு வந்தது. வலை வெளியிலிருந்து போனது. ஆமையும் வெளியிலிருந்து போனது. இரண்டும் அங்கே சந்தித்துக்கொண்டன.

இவ்வளவு பெரிய கடலில் ஒரு வலையும் ஓர் ஆமையும் எப்படிச் சந்தித்துக்கொள்கின்றன? நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். தற்செயல் என்றால் எப்போதோ ஒருமுறை நடக்க வேண்டும். இது மறுபடி மறுபடி நடக்கிறது. அப்படியானால் சந்திக்க வைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது.

அது நீரோட்டம். கடலோடிகள் நீவாடு என்று சொல்வது. நீவாடு பொருளை இழுத்துக்கொண்டு போகும் என்பது கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பொருளைக் கொண்டுபோய்க் குறிப்பிட்ட இடங்களில் குவிக்கவும் செய்கிறது. ஏன் குவிக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

1893இல் நார்வே நாட்டின் ஃபிரித்யோஃப் நான்சென், ‘ஃப்ராம்’ என்ற மரக்கப்பலை வடதுருவக் கடலின் பனியில் வேண்டுமென்றே உறையவிட்டார். பனி எங்கே போகிறதோ அங்கே கப்பலும் போகட்டும் என்பது அவர் திட்டம். 1896 வரை அந்தப் பயணம் நீண்டது. அதில் அவர் ஒன்றைக் கவனித்தார். காற்று வீசும் திசையிலேயே பனி நகரவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கமாக விலகி நகர்ந்தது. பூமி சுழல்வதே காரணம் என்று ஊகித்தார். கணக்குப் போட்டுக் காட்டியவர் வாகன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற இளம் ஸ்வீடன்காரர். 1905இல் வந்த அவருடைய கட்டுரைதான் இன்றைக்கும் கடலியல் மாணவர்களின் முதல் பாடம்.

காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. மேல்நீர் தனக்கு அடியில் உள்ள நீரை இழுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் நீர் மொத்தமாக நகர்வது காற்றுக்கு வலப்பக்கம், செங்கோணத்தில். தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். இதை வைத்துக்கொண்டு பசிபிக்கின் வடபாதியைப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் வணிகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது; அதன் வலப்பக்கம் வடக்கு. மேலே 40 பாகைப் பக்கம் மேலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதன் வலப்பக்கம் தெற்கு. தெற்கிலிருந்து வரும் நீரும் வடக்கிலிருந்து வரும் நீரும் ஏறக்குறைய 30 பாகையில் வந்து முட்டுகின்றன. முட்டிய நீர் மேடாகிறது. சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அந்த மேட்டைச் சுற்றித்தான் பெரும் நீரோட்டங்கள் வட்டமிடுகின்றன.

நடுவில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிற நீர் எங்கே போகும்? மெல்லக் கீழே இறங்கும். நீர் இறங்கலாம், பிளாஸ்டிக் இறங்க முடியாது. பைக்கும் மூடிக்கும் கயிற்றுக்கும் பயன்படும் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை. மழைநாளில் முற்றத்துத் தண்ணீர் தூம்பில் இறங்கும்போது சருகு மட்டும் வாயிலேயே தங்கிவிடுவதுபோல, அவை மேலேயே தங்கிவிடுகின்றன. வடபசிபிக், தென்பசிபிக், வட அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், தென் இந்தியப் பெருங்கடல் என ஐந்து இடங்களில் இப்படிப்பட்ட சுழல்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான படத்தை நாம் மனத்திலிருந்து அழிக்க வேண்டும். பசிபிக்கின் நடுவில் குப்பைத் தீவு ஒன்று இருக்கிறது, அதன்மேல் நடந்துகூடப் போகலாம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. 1997இல் சார்லஸ் மூர் என்ற படகோட்டி ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பகுதியைக் கடந்து வந்து, உலகுக்குச் சொன்னார். அவர் பார்த்ததும் தீவு அல்ல. எந்நேரம் பார்த்தாலும் கண்ணில் ஏதோ ஒரு துண்டு பட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். 2018இல் லோரோன் லெப்ரெத்தோனும் குழுவினரும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அதன் பரப்பு 16 இலட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் 12 மடங்கு. அதில் மிதப்பது ஏறக்குறைய 79,000 டன். கிட்டத்தட்ட பாதி எடை மீன்பிடி வலைகள். வகுத்துப் பாருங்கள்: ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கிலோ. ஒரு மூட்டை அரிசியின் எடைக்கு மேல் இல்லை.

இவ்வளவு அரிதாக இருப்பது எப்படி இத்தனை உயிர்களைக் கொல்ல முடியும் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால்தான் விஷயத்தின் உள்ளே போக முடியும்.

நீரோட்டம் பிளாஸ்டிக்கை மட்டும் குவிப்பதில்லை. தானாக நீந்த முடியாமல் மிதக்கிற எல்லாவற்றையும் அதே விதியால் குவிக்கிறது. மீன் குஞ்சு, மீன் முட்டை, இழுது மீன், கடற்பாசி, மிதக்கும் கட்டை எல்லாம் அதில் அடக்கம். பெரும் சுழலில் நடப்பது சின்ன அளவிலும் நடக்கிறது. இர்விங் லாங்மியூர் என்ற வேதியியல் அறிஞர் 1927இல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது, சர்காசம் பாசி கடல்மேல் நீளநீளமான கோடுகளாக, காற்றின் திசையில் வரிசை வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தார். காற்று மேல்நீரை அடுத்தடுத்த உருளைகளாகச் சுழற்றுகிறது. இரண்டு உருளைகள் எதிரெதிராக வந்து இறங்கும் இடத்தில் மிதப்பவை கோடாகச் சேர்ந்துவிடுகின்றன. நம் கடலிலும் இந்தக் கோடுகள் உண்டு. நுரையும் சருகும் பாசியும் ஒரே வரிசையில் கிடக்க, அதன் அடியில் மீன் நிற்கும் என்று கடலோடிகளுக்குத் தெரியும்.

ஹவாய்த் தீவுகளின் அருகே இப்படி நீர் கூடும் பட்டைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பட்டைக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே மீன் குஞ்சுகள் 8 மடங்கு அதிகம். பிளாஸ்டிக் 126 மடங்கு அதிகம். அந்தப் பட்டைக்குள் ஒரு மீன் குஞ்சுக்கு 7 பிளாஸ்டிக் துண்டு என்ற விகிதம். பிறந்து சில நாளே ஆன, நகக்கண் அளவுள்ள குஞ்சுகளின் வயிற்றிலும் பிளாஸ்டிக் இழை இருந்தது. அவற்றில் கோலா மீனின் குஞ்சுகளும் உண்டு. கடல் முழுவதும் பரப்பிச் சராசரி எடுத்தால் ஒன்றுமில்லாத அளவு, குஞ்சு வாழும் அந்த ஒரு முழ நீரில் ஒன்றுக்கு ஏழாகிறது. சராசரி பார்த்து ஆறுதல் அடைவது இதனால்தான் தவறு.

கோலா மீனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. சோழமண்டலக் கரையின் மீனவர்கள் கோலாவைப் பிடித்த முறை இந்த உரைக்கே ஒரு சான்று. அந்த மீன் மிதக்கும் பொருளில்தான் முட்டையைச் சுற்றி ஒட்டும். அதனால் இலைதழைக் கட்டுகளைக் கயிற்றில் கட்டி ஆழ்கடலில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். முட்டையிடக் கூட்டமாக வரும் மீனை வலையில் அள்ளுவார்கள். மிதப்பதைத் தேடி உயிர் வரும் என்ற அறிவு அது. இப்போது கடலில் மிதப்பது தழை மட்டுமா? கோலா, பிளாஸ்டிக் துண்டிலும் முட்டையை ஒட்டிவிடுகிறது. பசிபிக்கின் லேசன் அல்பட்ராஸ் பறவைக்கு அந்த முட்டைக் கொத்து பிடித்த இரை. கொத்தோடு துண்டையும் விழுங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மிட்வே தீவுக்குத் திரும்பி, குஞ்சின் வாயில் கக்குகிறது. உலகில் இந்தப் பறவை மிக அதிகமாகக் கூடு கட்டும் இடம் மிட்வே. செத்த குஞ்சுகளின் எலும்புக்கூட்டுக்குள் மூடிகளும் சிகரெட் லைட்டர்களும் குவிந்து கிடக்கும் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாய்ப்பறவை முட்டாள்தனமாகக் குப்பையைத் தின்றதாக நினைக்காதீர்கள். பல்லாயிரம் வருடமாகச் சரியாக இருந்த ஓர் அறிவின்படிதான் அது நடந்துகொண்டது.

வாசனையும் அப்படியே. கடல்நீரில் மூன்று வாரம் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் நுண்பாசி படர்ந்து, டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு கிளம்புகிறது என்று 2016இல் ஆய்வாளர் மாத்யூ சவோகா காட்டினார். இரை நிறைந்த நீரைப் பல கடற்பறவைகள் மோப்பம் பிடிப்பது அந்த வாயுவை வைத்துத்தான். 2020இல் பெருந்தலை ஆமைகளிடம் சோதித்தபோது, பாசி படர்ந்த பிளாஸ்டிக்கின் வாசனைக்கும் உணவின் வாசனைக்கும் அவை ஒரே மாதிரி மூக்கைத் தூக்கின.

ஆமைக்கு இன்னொரு கொடுமை உண்டு. அதன் தொண்டைக்குள் முள் முள்ளாக, எல்லாம் வயிற்றைப் பார்த்து வளைந்திருக்கும். வழுக்கும் இழுது மீன் திரும்பி வராமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. விழுங்கிய பையையும் அது திருப்பி விடாது. குடல் அடைத்துக் காற்று சேர்ந்தால் ஆமையால் மூழ்க முடியாது. மேலேயே மிதந்து, வெயிலில் காய்ந்து, படகில் அடிபட்டுச் சாகும். 2018இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, செத்த ஆமைகளின் குடலை ஆராய்ந்து, 14 துண்டு விழுங்கிய ஆமை அதனாலேயே சாவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணித்தது. வெறும் 14 துண்டு.

நியாயத்துக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆமைச் சாவுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக்கே காரணம் என்று சொல்வது உண்மைக்கு மாறு. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, விசைப்படகுகளின் இழுவலையில் மூச்சு முட்டியதே முதன்மைக் காரணமாகப் பேசப்பட்டது. அந்தப் பழியைப் பாலித்தீன் பையின் மேல் போட்டு யாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

இனி நம் கடலுக்கு வருகிறேன்.

பசிபிக்குக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வடக்கே ஆசியக் கண்டம் அடைத்துக்கொண்டு நிற்பதாலும், பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதாலும், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நிலையான பெருஞ்சுழல் கிடையாது. கச்சான் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கிப் போகும். வாடை வீசும் மாதங்களில் மேற்கே திரும்பும். நம் கிழக்குக் கரையை ஒட்டிய ஓட்டம் மாசி, பங்குனியில் வடக்கே. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே. அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் ஆறுகளும் கால்வாய்களும் பெருக்கெடுத்து ஆண்டு முழுவதும் சேர்ந்த குப்பையைக் கடலில் தள்ளுகின்றன. தள்ளிய குப்பையைத் தெற்கே போகும் ஓட்டம் இலங்கைப் பக்கம் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் பருவக்காற்று நீரோட்டம் மாலத்தீவுக்கு வழிகாட்டுகிறது. வங்கக் கடலில் கைவிட்ட வலையும், நம் கரையில் பிறந்த ஆமையும் அங்கே சந்திப்பதற்கு இந்த வழி போதும். வலை உருண்டையின் நிழலில் சிறு மீன் சேரும். களைத்த ஆமை ஒதுங்கவும் தின்னவும் அதை நெருங்கும்.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் மிர்யம் வான் டெர் மேனும் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட கடலியலாளர் சரித்த பட்டியாரச்சியும் நெதர்லாந்தின் எரிக் வான் செபில்லும் 2020இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. வட இந்தியப் பெருங்கடலில் விழும் பிளாஸ்டிக் நடுக்கடலில் குவிந்து தங்குவதில்லை. பெரும்பகுதி ஏதாவதொரு கரையில் ஏறிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே நம் கடலின் குப்பைத் திட்டு எங்கே என்று கேட்டால், நம் கரைகளும் நம் அண்டை நாட்டுத் தீவுகளுமே அது.

இந்தியப் பெருங்கடலின் தீவுகள் படும் பாட்டைச் சொல்ல இரண்டு பெயர்கள் போதும். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோக்கோஸ் தீவுகளில் ஐந்நூறு, அறுநூறு பேர் வாழ்கிறார்கள். ஆய்வாளர் ஜெனிஃபர் லேவர்ஸின் குழு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி அங்கே இருந்த குப்பை 238 டன், 41 கோடியே 40 இலட்சம் துண்டுகள். அதில் பல் துலக்கும் பிரஷ் மட்டும் மூன்றே முக்கால் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மேலே கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். மிகப் பெரும்பகுதி மணலுக்குள் புதைந்து கிடக்கிறது. இன்னொன்று சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா. உலகப் பாரம்பரியச் சின்னம், ராட்சத ஆமைகளின் வீடு, ஆய்வு நிலையத்து ஆட்களைத் தவிர மனித வாசமே இல்லை. 2019இல் தன்னார்வலர்கள் அங்கே 25 டன் குப்பையை அள்ளினார்கள். அள்ளிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டால் 513 டன். எடையில் 83 விழுக்காடு மீன்பிடிச் சாமான்.

நீரோட்டத்தின் பாதை எவ்வளவு உறுதியானது என்பதைக் கப்பல் விபத்துகளும் காட்டுகின்றன. 2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது; ஜூன் 2இல் அது அமிழத் தொடங்கியது. அதில் இருந்த ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலோடு போனது. பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஆலைகளுக்குப் போகிற, பருப்பளவுள்ள மூலப்பொருள் அது. நீர்கொழும்புக் கரை பனி பெய்ததுபோல வெளுத்தது. மீன் பிடிக்கத் தடை வந்தது. அந்த ஊர்களில் அடுப்பு எரிவது கடினமானது. நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில், கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே 2025 மே 25இல் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 பெட்டகங்களோடு கவிழ்ந்து மூழ்கியது. பருவமழை தொடங்கும் அந்த நாளில் மேற்குக் கரையோர ஓட்டம் தெற்கு நோக்கியது. கொல்லம், திருவனந்தபுரம், பிறகு கன்னியாகுமரி மாவட்டக் கரைகள் என்று அதே வழியில் வெள்ளைக் குருணை இறங்கி வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் உலகக் கப்பல் விதிகளில் இந்தக் குருணை ஆபத்தான சரக்காகக் கட்டாயமாக வகைப்படுத்தப்படவில்லை. மீன்முட்டை அளவில், மீன்முட்டையின் நிறத்தில் மிதக்கும் ஒரு பொருளை ஆபத்தில்லாதது என்று கணக்கில் வைப்பது பெரிய அநியாயம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நடுக்கடலில் பெரிய வலை போட்டு அள்ளிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பசிபிக்கில் அந்த முயற்சி நடந்தும் இருக்கிறது. பெரிய வலை உருண்டைகளை எடுப்பது நல்லதே. ஆனால் அதுவே தீர்வு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, வடபசிபிக்கில் குப்பை செறிந்த இடத்திலேயே வெலெல்லா, பொர்ப்பிட்டா, ஊதா நத்தை போன்ற மிதவை உயிர்களும் செறிந்திருப்பதைக் காட்டியது. குப்பையை அள்ளும் வலை அவற்றையும் அள்ளும். கலந்த பிறகு பிரிக்க வழியில்லை; கலக்கும் முன் தடுப்பதுதான் வழி.

நமக்கு அதற்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நம் கடல் குப்பையைக் கரையில் ஏற்றிக் கொடுக்கிறது. அடுத்த அலையேற்றம் அதைத் திருப்பி இழுக்கும் முன் எடுத்துவிட்டால் அது மறுபடி கடலுக்குப் போகாது. கடற்கரையைச் சுத்தம் செய்வது வெறும் படம் பிடிக்கும் சடங்கு என்று சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். இந்தியப் பெருங்கடலைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு தவறு. அடுத்தது வலை. கேரளத்தில் நீண்டகரைத் துறைமுகத்து மீனவர்கள் வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கைக் கடலில் திருப்பிப் போடாமல் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்க 2017இல் தொடங்கினார்கள்; அது பொடியாக்கப்பட்டுச் சாலை போடப் பயன்பட்டது. சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை விலை கொடுத்து வாங்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. கிழிந்த வலைக்குக் கரையில் ஒரு விலை இருந்தால் யாரும் அதைக் கடலில் வீசப்போவதில்லை. நாகையிலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் குளச்சலிலும் அந்த விலை கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

இந்த அவையில் உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் வாய்க்கால்களையும் ஆற்று முகத்துவாரத்தையும் தீபாவளிக்குப் பிறகு வெள்ளம் வந்ததும் தூர்வாராதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் வாரிவிடுங்கள். ஐப்பசி முதல் மழையில் கடலுக்குள் போகிற ஒரு பை கரையேறும்வரை அதைத் திரும்ப எடுக்க இந்த உலகத்தில் யாராலும் முடியாது.